புரையேறும் பிள்ளைக்குப் படிவத்தில் இடமில்லை

மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்றவற்றால் பேச்சு வராத பிள்ளைகளில் பலருக்கு விழுங்குவதும் சிரமம். பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது. மாதாமாதம் சளி, நெபுலைசர், ஆன்டிபயாட்டிக் என்று பெற்றோர் அலைவார்கள். ஊட்டிய சோறு நுரையீரலுக்குள் போகிறதா என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

2013-இல் வந்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் (RBSK) என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும். சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு (DEIC) அனுப்பும். ஆனால் குழுவின் பரிசோதனைப் பட்டியலில் பேச்சுத் தாமதம் இருக்கிறது, விழுங்கும் சிரமம் இல்லை. அதனால் கேட்கவே மாட்டார்கள். "பேச்சு வரலை" என்று மட்டும் சொன்னால் பேச்சுப் பயிற்சி என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். புரையேறுகிறது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆகிறது, சாப்பிட்டதும் தொண்டை கரகரக்கிறது, எடை ஏறவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். 'விழுங்குதல் மதிப்பீடு' என்று சீட்டில் எழுதி வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். பிள்ளை சாப்பிடுவதைக் கழுத்து தெரிய செல்போனில் எடுத்துப் போங்கள். வழக்கமாக ஊட்டும் ஸ்பூனும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

"இருமல்தான் இல்லையே" என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். இருமலே வராமலும் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எடுக்கும் வீடியோ எக்ஸ்ரேயிலோ, மூக்கு வழியாக விடும் கேமராவிலோதான் அது தெரியும். "இங்கே வசதியில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வாயால் சொன்னால் போதாது. பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அது இல்லாமல் போனால் அங்கே ஓ.பி. சீட்டிலிருந்து எல்லாம் மறுபடி ஆரம்பம்.

செலவுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு உண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். பலர் சிக்குவது இங்கேதான்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 'பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு' என்று மட்டும் இருந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கும் இப்படிப் போட்டுக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அட்டை கொடுக்கும் முகாமிலேயே சான்றிதழைப் படித்துப் பார்த்துத் திருத்தச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் காப்பீடு போய்விடும். பில்லையும் மருந்துச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

பரிசோதனைத் தேதி வரும்வரை படுக்கவைத்தோ தலையை அண்ணாத்தியோ ஊட்டாதீர்கள். சாப்பிடும்போது உதடு நீலம் பாரித்தால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.