எட்டு போடும் முன் எல்.எல்.ஆர்.

பிளஸ் டூ முடித்த கையோடு அக்கா மகன் என்னிடம் கேட்டது, "மாமா, எட்டு போடறது கஷ்டமா?" என்றுதான். எட்டு வடிவில் வண்டி ஓட்டிக் காட்டும் அந்த லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு முன்னால், பழகுநர் உரிமத்துக்கு ஒரு தேர்வு இருக்கிறதே என்றேன். "அது எல்.எல்.ஆர். தானே மாமா, சும்மா கிளிக் பண்ணிட்டு வந்துடலாம்" என்றான். கிளிக் பண்ணினான், ஃபெயிலாகிவிட்டான். கோட்டை விட்ட கேள்விகளில் ஒன்று இது: குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எதிரெதிரே வந்தால் யார் வழிவிட வேண்டும்? ஏறுகிறவர் ஒதுங்க வேண்டும் என்று போட்டிருக்கிறான். சின்ன வயசிலிருந்து ஏற்காடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வந்த பையன்!

இறங்குகிறவர்தான் நின்று வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு, பின்னால் உருண்டால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்தால் விடை தானாக வந்துவிடும். இந்தத் தேர்வின் கேள்விகள் பாதிக்கு மேல் இந்த ரகம்தான்.

சரி, முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். கியர் உள்ள பைக், கார் எதற்கும் 18 வயது முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் எடுக்கலாமே என்பார்கள். அது 50 சிசி வரையிலான கியர் இல்லாத வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதக் கையெழுத்தோடு. பழைய டி.வி.எஸ். 50 காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. இன்று தோட்டத்துக்கும் மளிகைக் கடைக்கும் ஓடுகிற எக்ஸ்.எல். 100, பெயருக்கேற்றபடி ஏறக்குறைய 100 சிசி. பத்தாவது படிக்கும் பையனிடம் அதைக் கொடுத்து அனுப்பினால் மாட்டுவது வீட்டுப் பெரியவர்தான். 2019 சட்டத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பையனுக்கோ 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

விண்ணப்பம் பரிவாஹன் இணையதளத்தின் சாரதி பகுதியில். 2024 மார்ச்சிலிருந்து இ-சேவை மையங்களிலும் போடலாம். சேலத்தில் ஆர்.டி.ஓ. அலுவலகம் கிழக்கு, மேற்கு, தெற்கு என்று பிரிந்திருக்கிறது. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயதுக்கும் முகவரிக்கும் சான்று வேண்டும். உடல் தகுதிக்கு நீங்களே தரும் உறுதிமொழி படிவம் 1. வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் டாக்டர் கையெழுத்திட்ட படிவம் 1-ஏ. மத்திய விதிப்படி கட்டணம் ஒவ்வொரு வண்டி வகைக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். மாநிலத்தின் சேவைக் கட்டணம் அதோடு சேரும். பைக்கும் காரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் குறித்துவிடுங்கள்.

தேர்வு கம்ப்யூட்டர் திரையில்தான், தமிழிலேயே எழுதலாம். 60 சதவீதம் எடுத்தால் பாஸ், அதாவது பத்துக்கு ஆறு. தவறினால் தேர்வுக் கட்டணத்தை மட்டும் கட்டி மறுபடி எழுதலாம். என்ன கேட்கலாம் என்பதை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 வரையறுத்திருக்கின்றன: சாலைக் குறிகளும் விதிகளும், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்.

சாலைக் குறிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள், முதலில் வடிவத்தைப் பாருங்கள். சிவப்பு ஓரமுள்ள முக்கோணம் எச்சரிக்கை. சிவப்பு ஓரமுள்ள வட்டம் தடை. நீல வட்டம் கட்டாயம் செய்ய வேண்டியது. நீலச் செவ்வகம் வெறும் தகவல். இதைப் பிடித்துக்கொண்டால் பார்த்தறியாத குறிக்கும் பாதி விடை கைக்கு வந்துவிடும். ஹாரன் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடோடு இருந்தால் ஹாரன் அடிக்கக் கூடாது, ஆஸ்பத்திரி வாசலில் வைப்பது. அதே ஹாரன் நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும், மறுபக்கம் தெரியாத மலை வளைவில் வைப்பது. குழப்புகிற இன்னொரு ஜோடி, நடுவில் நீலமும் ஓரத்தில் சிவப்புமாக வரும். ஒரு கோடு என்றால் பார்க்கிங் கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கொண்டால் நிறுத்தவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட.

சேலம் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது போனை உள்ளே வைத்துவிட்டு முக்கோணங்களைப் படித்துக்கொண்டே போங்கள். கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான ஏற்றம், இறக்கம், கல் உருளும் இடம் என்று புத்தகத்தில் முழிக்க வைக்கிற படங்கள் எதற்கு என்று அங்கே விளங்கும். இறங்கும்போது டிரைவர் கியரைக் குறைத்து வண்டியைப் பிடித்து வருவதையும் கவனியுங்கள், அதுவும் கேள்வியாக வரும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது தேர்விலும் தவறு, மலையிலும் தவறு.

டவுனுக்குள்ளும் பாடம் உண்டு. சிக்னல் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு வழி. ரவுண்டானாவுக்குள் நுழையும்போதும் அப்படித்தான். நம் ஊரில் யார் பெரிய வண்டியோ அவருக்குத்தான் வழி என்பது வேறு விஷயம். திரையில் விதியை எழுதுங்கள், பழக்கத்தை எழுதாதீர்கள். விபத்தில் ஒருவருக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோலோடு ஒருவர் சாலையைக் கடந்தால் அந்தக் கோலையே நிறுத்தச் சொல்லும் குறியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கைடு வாங்கிப் படிக்கிறவர்கள் கவனிக்க: 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன. அப்புறம், நான் போன ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் "நீங்க போங்க சார், டெஸ்ட்டை நாங்களே முடிச்சுடுறோம்" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். வண்டியை ஓட்டப் போவது அவர்கள் இல்லையே.

எல்.எல்.ஆர். கைக்கு வந்தால் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் முடிந்த பிறகுதான் எட்டு போடப் போகலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டர். லைசென்ஸ் உள்ள ஒருவர் கற்றுக்கொடுக்கக் கூடவே இருக்க வேண்டும். பைக்கில் அவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

அக்கா மகன் இரண்டாம் முறை பாஸாகிவிட்டான். அன்று சாயங்காலமே நண்பனை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு பைக் சாவி கேட்டான். விதியைச் சொன்னேன். நண்பன் வீட்டுக்குப் போனான், நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கோரிமேடு வரைக்கும்தான்.