கேரட் ஏன் கவட்டையாக விளைகிறது?

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆண்டுதோறும் சாண எரு போடுகிறேன். ஆனாலும் அரை அடிக்குக் கீழே மண் பாறைபோல் இருக்கிறது. கேரட் கவட்டையாகப் பிளந்து வருகிறது. மண்ணை இளக்கும் பாலிமர் தூள் வாங்கிப் போடலாமா?”

மண்வெட்டி எப்போதும் ஒரே ஆழத்தில் விழுவதும், மழையில் கரைந்த களித்துகள்கள் கீழிறங்கி இடுக்குகளை அடைப்பதும் அடிமண்ணை இறுக்கும். மேலே போடும் எரு அங்கே எட்டுவதில்லை. அந்த இறுகிய மண்ணில் முட்டும் கேரட் வேர் நேரே இறங்க முடியாமல் கவட்டையாகப் பிளக்கிறது.

அந்த ஆழத்திலிருந்து கோலிக்குண்டு அளவு கட்டி ஒன்றை எடுத்து, நிழலில் காயவைத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். வேலியோரப் புல்வேரை ஒட்டிய கட்டி ஒன்றை இன்னொரு டம்ளரில் இறக்குங்கள். கடப்பாரைக்கே மசியாத முதல் கட்டி சில நிமிடங்களில் சேறாகச் சரியலாம். நுண்துளைகளுக்குள் எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் ஏற, உள்ளே அகப்பட்ட காற்று நெருக்குண்டு கட்டியை உடைக்கிறது. மேலே வரும் குமிழிகள் அந்தக் காற்றுதான். புல்வேர்க் கட்டியோ பெரும்பாலும் குலையாது. பூஞ்சை இழைகள் அதை நூல்போல் சுற்றியிருக்கின்றன; எருவைத் தின்னும் நுண்ணுயிரிகள் கசியவிட்ட பசை துகள்களை ஒட்டியிருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. இறுக்கம் வேறு, உறுதி வேறு.

பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரும் ஒரு பசைதான். எதிர்மின்னூட்டம் கொண்ட அதன் நீண்ட சங்கிலியும், அதே மின்னூட்டம் கொண்ட களித்துகளும் ஒன்றையொன்று விலக்கும். இரட்டை நேர்மின்னூட்டமுள்ள கால்சியம் நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. மலை மண்ணிலிருந்து கால்சியத்தை மழை கழுவிச் சென்றுவிடுவதால், மண் பரிசோதனைப்படி, கால்சியம் உள்ள டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளை இடுவது முக்கியம்.

பசை, இறுகியதைப் பிளக்காது. பிளந்ததை மறுபடி மூடாமல் காக்கும். மேலே தூவினால் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். சமவெளியில் டிராக்டரில் பூட்டிய உளிக்கலப்பையால் அடிமண்ணைக் கீறுகிறார்கள். குறுகிய படிவயலுக்கு டிராக்டர் வராது. மலைக்கேற்ற சிறு கருவிகளை வடிவமைக்க அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போதைக்குக் கடப்பாரைதான் வழி. ஈரம் வடிந்து, மண் கையில் ஒட்டாமல் உதிரும் பதத்தில் கிளறுங்கள்; சேற்றில் கிளறினால் இன்னும் இறுகும். அந்தப் பிளவுக்குள்ளேயே மட்கிய எருவை இறக்குங்கள். பாலிமர் தூளை முதலில் ஒரே ஒரு பாத்தியில், எருவோடு சேர்த்துச் சோதியுங்கள். அறுவடை முடிந்ததும் அதே ஆழத்துக் கட்டியை மீண்டும் டம்ளரில் இறக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த பாத்திக்கு வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.