மரக்கன்னு நட்டாச்சு, சிங்க்ல என்ன ஊத்துறோம்?

எங்க டிபார்ட்மென்ட் பேரே சுற்றுச்சூழல் அறிவியல். வாசல்ல நாலு வேப்பங்கன்னு, படிக்கட்டுல "காகிதம் சேமிப்போம்"னு ஒட்டுன போஸ்டர், ஜூன் 5 வந்தா ஒரு ஃப்ளெக்ஸ். ஆமா, சுற்றுச்சூழல் தினத்துக்கு பிவிசி ஃப்ளெக்ஸ்தான், அதுல தேதி வேற அடிச்சிருக்கும், அதனால அடுத்த வருஷம் அதை வச்சு மோட்டார் சைக்கிளைத்தான் மூடலாம். நான் அங்க லேப் இன்சார்ஜ். நாக் (காலேஜ், யுனிவர்சிட்டிக்குத் தரம் போடுற அமைப்பு) விசிட் வருது, அவங்க ஏழாவது கிரைட்டீரியன்ல க்ரீன் ஆடிட், அதாவது சுற்றுச்சூழலுக்கு நாம என்ன பண்றோம்னு ஒரு கணக்கு, காட்டணும்னு ஒரு கமிட்டி போட்டாங்க, அதுல என் பேரையும் சேத்துட்டாங்க, அப்படித்தான் இந்த வேலைக்குள்ள வந்தேன், பெரிய லட்சியம் எல்லாம் ஒண்ணும் இல்ல.

முதல் மீட்டிங்ல ஒன்றரை மணி நேரம் பேப்பர் கப் பத்தியே பேசுனோம். தப்பு சொல்லல, பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பெல்லாம் 2019 ஜனவரி 1-லேர்ந்தே தமிழ்நாட்டுல தடைதான், ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வச்சுக்கிட்டா முடிஞ்சது, ரெண்டு நிமிஷ வேலை. மீட்டிங் முடிஞ்சு லேப்புக்குள்ள வந்தா, ஒரு பொண்ணு சிஓடி டெஸ்ட் முடிச்ச ஃப்ளாஸ்கை சிங்க்ல கவுத்து குழாயைத் திறந்து விட்டுட்டு இருந்தா. அதை ஆயிரம் தடவை பாத்திருப்பேன், நானே என் ஸ்காலர் காலத்துல செஞ்சிருக்கேன். அன்னிக்குத்தான் உறைச்சுது.

சிஓடின்னா தெரியாதவங்களுக்கு: தண்ணில எவ்வளவு கழிவு கலந்திருக்குன்னு அளக்குற டெஸ்ட், ஆறு ஏரி சாயப்பட்டறைத் தண்ணி எல்லாத்துக்கும் இதுதான் முதல் கேள்வி. ஓப்பன் ரிஃப்ளக்ஸ் முறையில, அதாவது ஃப்ளாஸ்க் மேல கண்டென்சர் (ஆவியைக் குளிர வச்சுத் திருப்பி இறக்குற கண்ணாடிக் குழாய்) மாட்டிக் கொதிக்க வைக்கிற முறையில, 20 மில்லி சாம்பிள், 10 மில்லி டைக்ரோமேட் (குரோமியம் உள்ள ஆரஞ்சு கலர் கரைசல்), 30 மில்லி சல்ஃப்யூரிக் ஆசிட், அந்த ஆசிட்ல சில்வர் சல்ஃபேட், அதோட 0.4 கிராம் மெர்குரிக் சல்ஃபேட். மெர்குரி, அதாவது பாதரசம், எதுக்குன்னா சாம்பிள்ல இருக்கிற குளோரைடு ரீடிங்கைக் கெடுக்காம இருக்க. அந்த 0.4 கிராம்ல பாதரசம் மட்டும் ஏறக்குறைய 0.27 கிராம். கழிவுநீர்ல பாதரசம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னுதான் நம்ம நாட்டு விதி, வருஷா வருஷம் நான் வகுப்புல சொல்லிக்குடுக்குற நம்பர். கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரே ஒரு ஃப்ளாஸ்க்ல இருக்கிற பாதரசத்தை அந்த அளவுக்கு நீர்க்கவைக்க 27,000 லிட்டர் தண்ணி வேணும், அதாவது 12,000 லிட்டர் லாரி ரெண்டே கால். நீர்க்க வச்சா மட்டும் பாதரசம் எங்கயும் போயிடாது, அது வேற விஷயம். ஜுரம் பாக்குற பழைய தெர்மாமீட்டர் ஒண்ணு உடைஞ்சாலே வீட்ல குழந்தையைத் தூக்கிட்டு ஓடுவோம், அதுல இருக்கிறது ஏறக்குறைய ஒரு கிராம்தான், இங்க நூறு சாம்பிள் போட்டா 27 கிராம். தண்ணி கெட்டுப்போச்சான்னு பாக்குற டெஸ்டை வச்சே தண்ணியைக் கெடுத்துட்டு இருக்கோம்.

இதை கமிட்டில சொன்னப்ப கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் எங்க லேப் அசிஸ்டென்ட் அண்ணன்தான் பேசுனாரு: "சிங்க்ல ஊத்தாதீங்கன்னு சொல்றீங்க சரி சார், எங்க ஊத்துறதுன்னு சொல்லுங்க, கேனே இல்லையே." இருபது வருஷமா யாரும் அவர்கிட்ட கேக்கவே இல்லைன்றதுதான் நிஜம். அடுத்த நாளே மூடி டைட்டா இருக்கிற ஹெச்டிபிஈ (கெட்டி பிளாஸ்டிக்) கேன் வாங்கினோம், மேல "சிஓடி கழிவு - ஆசிட், மெர்குரி, சில்வர், குரோமியம்"னு எழுதி தேதியும் போட்டு, கேனுக்கு அடியில ஒரு டிரேயும் வச்சோம். இதுல ஒரு விஷயம் கவனிங்க, கண்ட கழிவையும் ஒரே கேன்ல கொட்டக்கூடாது. முக்கியமா அசிட்டோனும் குளோரோஃபார்மும் ஒண்ணு சேர்ந்து அதுல கொஞ்சம் காரமும் (ஆசிட்டுக்கு எதிரான ஆல்கலி) விழுந்துச்சுன்னா கேன் சூடாகி வெடிக்கிற அளவுக்குப் போகும். குளோரோஃபார்ம் மாதிரி குளோரின் உள்ள கரைப்பான் தனி, இல்லாதது தனி, ஆசிட் தனி.

கேன் வச்சது பாதி வேலைதான், கழிவையே குறைக்கணுமில்ல. க்ளோஸ்டு ரிஃப்ளக்ஸ் முறைக்கு மாறினோம். மூடி போட்ட டியூப்ல சாம்பிள் 2.5 மில்லி, டைக்ரோமேட் கரைசல் 1.5, ஆசிட் 3.5, மொத்தமே 7.5 மில்லி, 60 மில்லி இருந்த இடத்துல. மெர்குரியும் எட்டுல ஒரு பங்கா இறங்கிடுது. ரெண்டு மணி நேரம் 150 டிகிரி சூட்டுல இருக்கிற ஹீட்டிங் பிளாக்ல வச்சா போதும், கண்டென்சரே வேணாம். கண்டென்சர்னா குழாய் ஓடிட்டே இருக்கணும், நிமிஷத்துக்கு 2 லிட்டர்னு வச்சாலே 2 மணி நேரத்துல 240 லிட்டர் சுத்தமான தண்ணி சாக்கடைக்கு. அதே நேரம் ஹாஸ்டல்ல பசங்க குடம் தூக்கிட்டு லாரிக்கு நிப்பாங்க. வேற எக்ஸ்பெரிமென்ட்டுக்கு கண்டென்சர் போட்டே ஆகணும்னா, ஏர்கூலர்ல வர்ற சின்ன மோட்டாரை ஒரு டப்பா ஐஸ் தண்ணில போட்டு சுத்த விடுங்க, சில நூறு ரூபாதான் ஆகும், நல்லாவே வேலை செய்யுது.

இதுக்கு எதிர்ப்பு வராம இல்ல. "சின்ன வால்யூம்ல எரர் அதிகமாகும்"னு ஒரு சீனியர் சார் சொன்னாரு. அவர் சொன்னதுல நியாயம் இருக்கு, கசடு அதிகமா இருக்கிற சாம்பிளை நல்லா கலக்கி ஒரே மாதிரி ஆக்காம 2.5 மில்லி எடுத்தா நம்பர் தாறுமாறாத்தான் வரும். அதனால அந்த மாதிரி சாம்பிளுக்கு மட்டும் பழைய முறைன்னு முடிவு பண்ணோம். அதுலயும் முதல்ல குளோரைடு பாத்துட்டு தேவையான மெர்குரி மட்டும் போடணும், குளோரைடுக்குப் பத்து மடங்கு எடைங்கிறதுதான் கணக்கு. ஆத்துத் தண்ணிக்கு 0.4 கிராம் முழுசா அள்ளிப்போட வேண்டிய அவசியமே இருக்காது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் எம்எஸ்சி முதல் வருஷ பிராக்டிக்கல்ல நடந்தது. இரும்பு எவ்வளவு இருக்குன்னு அளக்குற எஸ்டிமேஷன்ல பியூரெட்ல (சொட்டு சொட்டா விடுற அளவுக் குழாய்) டைக்ரோமேட், ஃப்ளாஸ்க்ல மோர் உப்புக் கரைசல் (குடிக்கிற மோர் இல்ல, மோர்ங்கிறவர் பேர்ல இருக்கிற ஒரு இரும்பு உப்பு). அப்படிச் சொட்டு விட்டு அளக்குற டைட்ரேஷன் முடிஞ்ச ஃப்ளாஸ்க்ல இருக்கிறது மூணாம் நிலை குரோமியம், விஷம் ரொம்பக் கம்மி. ஆனா பியூரெட்ல மிஞ்சுற ஆரஞ்சு கலர் தண்ணி இருக்கே, அது ஆறாம் நிலை குரோமியம், கேன்சர் வரவைக்கிற ஆள். ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட் ஆலைக்குப் பின்னாடி லட்சம் டன்னுக்கு மேல கிடந்து நிலத்தடி நீரையே மஞ்சளாக்குச்சே, அதே சரக்கு. பசங்க பியூரெட்டைக் கழுவும்போது நேரா சிங்க்ல விட்டுடுவாங்க, பக்கத்து பீக்கர்ல மிஞ்சுன மோர் உப்பையும் அதே சிங்க்ல. ரெண்டுமே ஒரே நார்மாலிட்டி, அதாவது ஒரே வீரியம், ஒண்ணு ஆக்ஸிஜனேற்றி இன்னொண்ணு ஒடுக்கி, ஆசிட்டும் ஏற்கனவே இருக்கு. ரெண்டு மிச்சத்தையும் ஒரே வாளில ஊத்துங்கடா, மோர் உப்பு கொஞ்சம் கூடவே இருக்கட்டும்னு சொன்னேன். ஆரஞ்சு கண்ணு முன்னாடி பச்சையாச்சு, அதாவது ஆறாம் நிலை குரோமியம் மூணாம் நிலையா மாறிடுச்சு. அப்புறம் சுண்ணாம்பு போட்டு பிஹெச் 8, 9-க்குக் கொண்டு வந்தா இரும்பும் குரோமியமும் சேறா அடியில உக்காந்துக்கும், சேத்தை மட்டும் காயவச்சு டப்பால எடுத்து வச்சுட்டா வாளி வாளியா இருந்தது ஒரு கைப்பிடி ஆயிடும். அந்தக் கைப்பிடியையும் குப்பையில போடக்கூடாது, அபாயக் கழிவுதான். ஒரு பையன் "சார் இதையே எக்ஸ்பெரிமென்ட்டா வச்சா என்ன"ன்னு கேட்டான், இப்ப அது ரெக்கார்ட் நோட்ல கடைசி பக்கம்.

கரன்ட் பத்தியும் சொல்லணும். எங்களுக்கு பில்லே வராது, கேம்பஸ் முழுக்க ஒரே பில், அதனால யாருக்கும் வலிக்காது. கமிட்டி முதல்ல ஃபேன் மாத்தச் சொல்லுச்சு. பழைய ஃபேன் 75 வாட்ஸ், கரன்ட் கம்மியா இழுக்கிற பிஎல்டிசி ஃபேன் 28 பக்கம், நாப்பது ஃபேன் எட்டு மணி நேரம் ஓடுச்சுன்னா நாளைக்கு 15 யூனிட் மிச்சம், நல்லதுதான். ஆனா மூலையில நிக்கிற, சாம்பிள் வைக்கிற மைனஸ் 80 டிகிரி டீப் ஃப்ரீசர் ஒண்ணே ஒரு நாளைக்கு 16-லேர்ந்து 20 யூனிட் குடிக்கும், ஞாயித்துக்கிழமை பொங்கல் லீவு எதுவும் அதுக்குக் கிடையாது. அதை மைனஸ் 70-ல வச்சா முப்பது சதவீதம் வரைக்கும் குறையும், நிறைய சாம்பிளுக்கு அதுவே தாராளம், வெளிநாட்டு யுனிவர்சிட்டி பல இடத்துல இப்ப அப்படித்தான் வைக்கிறாங்க. ஏசி 24-க்குக் கீழ வைக்காதீங்கன்னு சொல்லி யாரும் கேக்கல, ஒவ்வொரு டிகிரிக்கும் 6 சதவீதம் மிச்சம்னு எழுதி ஒட்டியும் கேக்கல, ரிமோட்டை அண்ணன்கிட்ட குடுத்தோம், பிரச்சனை தீர்ந்தது.

மார்ச் மாசம்தான் எங்க உண்மையான எதிரி. 31-க்குள்ள கிராண்ட் காசை செலவு பண்ணணும்னு 25 கிராம் தேவைப்படுற கெமிக்கலை 500 கிராம் ஆர்டர் போடுவோம், சீல் உடைக்காமலே எக்ஸ்பைரி ஆகும், அதை அழிக்க வாங்குன விலையை விட அதிகம் கேப்பாங்க. இப்ப பக்கத்து ரெண்டு டிபார்ட்மென்ட்டோட ஒரே எக்செல் ஷீட், யார்கிட்ட என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் இன்டென்ட், அதாவது வாங்கக் கேக்குற சீட்டு, போடணும். பழைய சிஆர்டி மானிட்டர் எல்லாம் கண்டம் பண்ண ஃபைல் போட்டு இன்னும் வராண்டாவுலயே நிக்குது, பதிவு பெற்ற ரீசைக்ளர்கிட்டதான் குடுக்கணும்னு விதி இருக்கு, கையெழுத்து வரணுமே.

கேன் கழிவும் அப்படித்தான் இழுத்துச்சு. கும்மிடிப்பூண்டில இருக்கிற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்பணும், அதுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, மேனிஃபெஸ்ட் (கழிவு எங்கேர்ந்து எங்க போகுதுன்னு எழுதுற சீட்டு), வண்டிச் செலவு. எந்த ஹெட்ல, அதாவது எந்தக் கணக்குத் தலைப்புல, பணம் எடுக்கிறதுன்னு அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல மூணு மாசம், கடைசில "லேப் கன்சியூமபிள்ஸ்"னு போட்டு வாங்கினோம். வேற டிபார்ட்மென்ட்ல இதைப் பண்ண நினைக்கிறவங்க கேன் வாங்குறதுக்கு முன்னாடியே இந்த ஹெட்டைக் கேட்டு வச்சுக்கோங்க.

போன வாரம் டீப் ஃப்ரீசரைக் காலி பண்ண உக்காந்தோம். மூணாவது ரேக்ல பேர் அழிஞ்ச பாக்ஸ் ஏழு, பிஹெச்டி முடிச்சுட்டுப் போன ஒரு பையனோடதுன்னு அண்ணன் சொன்னாரு. போன் பண்ணேன். "சார், அதுல என்ன இருக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல, ஆனா தூக்கிப் போட்டுடாதீங்க"ன்னான். மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்கேன், பாக்ஸ் மேல அவன் போன் நம்பரும் தேதியும் எழுதி ஒட்டியாச்சு.