எக்ஸ்ட்ரா கரிகுலர்: பாடப்புறச் செயல்பாடு

தமிழ்ப் பேச்சில் ‘எக்ஸ்ட்ரா’ என்றால் கூடுதல். ஓட்டலில் எக்ஸ்ட்ரா சாம்பார், பள்ளியில் எக்ஸ்ட்ரா கிளாஸ். ‘எக்ஸ்ட்ரா கரிகுலர்’ என்பதும் அதே பொருளில்தான் காதில் விழுகிறது: படிப்புக்கு மேலே இன்னும் கொஞ்சம். அபாகஸ், கீபோர்டு, கராத்தே, செஸ் என்று அடுக்கினால் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம் கனத்துவிடும் என்று பெற்றோர் நம்புவதற்கு இந்தப் பொருள் மயக்கமும் ஒரு காரணம்.

லத்தீனில் ‘எக்ஸ்ட்ரா’ என்றால் வெளியே, புறத்தே. ‘கர்ரெரே’ என்றால் ஓடுதல். அதில் பிறந்த ‘கரிகுலம்’ ஓட்டத்தையும் பந்தயத் தடத்தையும் குறித்தது. மாணவர் கடந்து முடிக்க வேண்டிய மொத்தப் படிப்பு என்ற பொருளில் 1633ஆம் ஆண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆவணத்தில் இந்தச் சொல் வருகிறது. ‘கோர்ஸ்’ என்பதும் அதே வேர்தான். வேலை தேடுவோர் நீட்டும் ‘கரிகுலம் விட்டே’ வாழ்க்கை ஓட்டம். ஆக, எக்ஸ்ட்ரா கரிகுலர் என்பது போட்ட தடத்துக்கு வெளியே நடப்பது. எத்தனை என்ற கணக்கு அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை.

தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. ‘கல்விசாராச் செயல்பாடு’ பரவலாக வழங்கினாலும் தவறான சொல். விவாத மேடையும் அறிவியல் கண்காட்சியும் கல்வி சாராதவையா? தமிழகப் பள்ளிகளின் ‘கல்வி இணைச் செயல்பாடு’, இலங்கையின் ‘இணைப்பாடவிதானச் செயற்பாடு’ இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் அவை ‘கோ-கரிகுலர்’ என்பதற்கு நேரானவை: பாடத்தோடு சேர்ந்து பள்ளியே நடத்துபவை. ‘புறப்பாடச் செயல்பாடு’ என்றால் சாமி புறப்பாடு நினைவுக்கு வந்து வாசகர் இடறுவார். சொற்களை மாற்றிப் போட்டுப் ‘பாடப்புறச் செயல்பாடு’ என்றால் இடறல் இல்லை. லத்தீன் பொருளும் அப்படியே நிற்கிறது.

இந்தப் ‘புறம்’ எவ்வளவு அகலம் என்பதை அமெரிக்காவின் பொது விண்ணப்பமான ‘காமன் ஆப்’ படிவத்தில் பார்க்கலாம். செயல்பாட்டு வகைப் பட்டியலில் விளையாட்டு, இசை, விவாதம் ஆகியவற்றோடு சம்பள வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் தனி இடம் உண்டு. பள்ளி விட்டதும் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காரும் பையன், படுக்கையிலிருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆகியோரின் வேலையும் கணக்கில் வரும். நம் வீடுகளில் இதைச் சொல்லக் கூசி விட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் இரண்டு நாள் பட்டறைச் சான்றிதழ் ஒன்று ஏறிக்கொள்கிறது.

படிவத்தில் அதிகபட்சம் 10 செயல்பாடுகளுக்கு இடம் உண்டு. பத்தையும் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பின் பெயருக்கு 50 எழுத்து, அமைப்பின் பெயருக்கு 100, விவரத்துக்கு 150. இடைவெளியும் நிறுத்தக்குறியும் எழுத்துக் கணக்கில் சேரும் என்பதால் விவரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 25 ஆங்கிலச் சொற்கள். முதல் இரு பெட்டிகளில் வந்ததை மூன்றாவதில் மறுபடி எழுதினால் பாதி இடம் வீண். “ஆர்வத்துடன் பங்கேற்றுத் தலைமைப் பண்பு வளர்த்தேன்” என்பதில் படிப்பவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. “சனிதோறும் 12 பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு, 2 ஆண்டு, பயிற்சித்தாள் 40 தயாரிப்பு” என்பதில் ஆள் தெரிகிறார்.

நம்மூர்ப் பெயர்களை அப்படியே போட்டாலும் பயனில்லை. ‘என்.எஸ்.எஸ்.’ அங்கே யாருக்கும் புரியாது. நாட்டு நலப்பணித் திட்டத்தில் எந்த ஊரில் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுத வேண்டும். அரங்கேற்றம் என்றால் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு தனியாக ஆடும் முழுநீளக் கச்சேரி என்பதையும் அந்த 150 எழுத்துக்குள் அடக்க வேண்டும்.

எந்தெந்த வகுப்பில், வாரம் எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் படிவம் கேட்கிறது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 11ஆம் வகுப்பில் பத்துச் செயல்பாடு, ஒவ்வொன்றுக்கும் வாரம் 8 மணி என்றால் கூட்டுத்தொகை 80. வாரத்தில் இருப்பதே 168 மணி. தூக்கத்துக்கு 56, பள்ளிக்கும் போய்வரவும் 50 போனால் மிச்சம் 62. ட்யூஷனை இன்னும் கழிக்கவில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க, விண்ணப்பத்தைப் படிக்கும் கல்லூரிச் சேர்க்கை அதிகாரிக்கு அரை நிமிடம் போதும். ஒரு வரி பொய்யாகப் பட்டால் மற்றவற்றின் மீதும் சந்தேகம் விழும்.

எனவே 9ஆம் வகுப்பில் நான்கைந்தைத் தொட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 10ஆம் வகுப்புக்குள் இரண்டு மூன்றாகக் குறைத்து 12 வரை விடாமல் செய்வது நல்லது. எதை வைத்துக்கொள்வது? யாரும் வற்புறுத்தாவிட்டாலும் பிள்ளை தானாகப் போய் உட்காருவது எதில் என்று பார்த்தால் தெரிந்துவிடும். 12ஆம் வகுப்பு ஆரம்பத்தில் திடீரென்று முளைக்கும் ‘தொண்டு நிறுவன நிறுவனர்’ பதவியும், பணம் கட்டினால் கட்டுரை வெளியிடும் இதழும் படிப்பவர் கண்ணுக்குத் தப்புவது அரிது.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே ‘சூப்பர் கரிகுலர்’ என்றொரு சொல் உண்டு: தேர்ந்த பாடத்திலேயே வகுப்பைத் தாண்டி வாசிப்பது, சோதனை செய்வது, சொற்பொழிவு கேட்பது. ‘சூப்பர்’ என்றால் லத்தீனில் மேல். நாம் எக்ஸ்ட்ராவுக்குக் கொடுத்த ‘படிப்புக்கு மேலே’ என்ற பொருள் உண்மையில் இந்தச் சொல்லுக்குத்தான் பொருந்தும். ‘பாடமேற் செயல்பாடு’ எனலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியலுக்கு விண்ணப்பிப்பவருக்குக் கராத்தே கறுப்புப் பட்டையைவிட, வீட்டில் ஊசல் கட்டி அலைவுநேரம் அளந்து, கணக்கோடு ஏன் ஒத்துவரவில்லை என்று தேடிய ஒரு மாத உழைப்பு உதவும். பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பு ‘யூகாஸ்’. மாணவர் தன்னைப் பற்றி அதில் எழுதும் தன்விளக்கம் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிந்துவிட்டது. மொத்தம் 4,000 எழுத்து. ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது 350. கல்விக்கு வெளியே செய்தவற்றுக்கு மூன்றாவது கேள்வி. அங்கேயும் அந்தப் படிப்புக்கு அது எப்படி உதவும் என்று எழுதியாக வேண்டும்.