போனில் என்ன கேம் என்று கேளுங்கள்

"எந்நேரமும் போனும் கையுமா இருக்கான் டீச்சர்." மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து என் ஆலோசனை அறைக்கு வரும் பெற்றோர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். என்ன கேம் என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. எல்லா கேமும் ஒரே ரகமல்ல.

'பாபா இஸ் யூ' என்று ஒன்று இருக்கிறது. பின்லாந்தின் ஆர்வி தெய்க்காரி 2017இல் ஒரு கேம் ஜாமில், அதாவது குறுகிய நேரத்தில் கேம் உருவாக்கும் போட்டியில், தொடங்கி, 2019இல் முழுமையாக வெளியிட்டது. 1982இல் ஜப்பானில் வந்த சோகோபான் என்ற பெட்டி தள்ளும் ஆட்டத்தின் வாரிசு. ஆனால் இதில் தள்ளுவது விதிகளையே.

'வோல் இஸ் ஸ்டாப்' என்று மூன்று சொற்கட்டைகள் வரிசையாக நின்றால் சுவர் தடுக்கும். ஒரு கட்டையை நகர்த்திவிட்டால் சுவருக்குள்ளேயே நடந்து போகலாம். பாபா என்பது நீங்கள் நகர்த்தும் உருவம். 'பாபா இஸ் யூ' என்ற வரியை உடைத்தாலோ, ஆட்டத்தில் நீங்களே இல்லை! பரவாயில்லை, ஒரு பட்டனை அழுத்தினால் ஓர் அடி பின்னால் போகலாம். எத்தனை முறை வேண்டுமானாலும்.

கணக்கு என்றாலே "தெரியாது டீச்சர்" என்று முடித்துவிடும் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன், இதைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான்: "சுவரையே நானா மாத்திட்டா?" மாற்றலாம். தப்பு செய்தால் யாரும் திட்டாத இடத்தில் பிள்ளைகள் எவ்வளவு துணிந்து யோசிக்கிறார்கள்! அந்தக் கவர்ச்சியைக் கண்டு பயப்பட வேண்டாம்.

இதில் கடிகாரம் கிடையாது, விளையாட விளையாடக் காசு போடும் டாப்-அப் கிடையாது. ஒருமுறை காசு கொடுத்து வாங்குவதோடு சரி. 200க்கும் மேற்பட்ட கட்டங்கள், அப்புறம் முடிந்துவிடும். தினமும் வந்தால்தான் பரிசு, காசு போட்டால் அதிர்ஷ்டப் பெட்டி என்று இழுக்கும் கேம்களுக்கு முடிவே இல்லை. நான் கவலைப்படுவது அவற்றைப் பற்றித்தான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தது. கேமிங் கோளாறு என்பதை அது மணிக்கணக்கை வைத்துச் சொல்லவில்லை. அது பார்ப்பது: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாகிப்போவது, கெடுதல் வந்தும் தொடர்வது. அதுவும் வழக்கமாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும். பள்ளி விடுமுறையில் விளையாடித் தீர்ப்பது அந்தக் கணக்கில் வராது.

ஆனால் தூக்கம் கெட்டால் நல்ல கேமும் கெடுதல்தான். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும் அப்பா அம்மா சீக்கிரமே படுத்துவிடுவார்கள். பிள்ளை போர்வைக்குள் விழித்திருப்பது தெரியாது. படுக்கும்போது போன் உங்கள் அறையில் இருக்கட்டும். பகலில் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எப்படி முடிச்சே, காட்டு" என்று கேளுங்கள்.