டெபியன் நிற்கும் இடமும் கிட்லாப் ஓடும் வேகமும்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பு வெளியானது 2023 ஜூனில். அன்று அதில் இருந்தவை பைத்தான் நிரல்மொழியின் 3.11, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 15. அதே டெபியன் 12 ஓடும் சர்வரை இன்று புதுப்பித்தாலும் பைத்தான் 3.11-ஆகத்தான் இருக்கும், போஸ்ட்கிரெஸ் 15-ஆகத்தான் இருக்கும். சர்வரைக் கட்டி மேய்க்கிறவர்கள் இதற்காகவே டெபியனைத் தேடி வருகிறார்கள்.

அப்படியானால் இடையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தால்? புதிய பதிப்பிலிருந்து அந்த ஓட்டையை அடைக்கும் சில வரிகளை மட்டும் எடுத்து, பழைய நிரலில் பொருத்துவார்கள். சில சமயம் அந்த வரிகள் அப்படியே பொருந்தாது. பழைய நிரலைப் படித்துப் புரிந்துகொண்டு மாற்றி எழுத வேண்டும். பொறுமையான வேலை. வெளியே பெயர் தெரியாத ஆட்கள் இதை வருடக்கணக்கில் செய்துவருகிறார்கள் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இந்த முறை இணையச் செயலிகளிடம்தான் திணறுகிறது. நிரல்களைச் சேமித்துக் குழுவாக எழுத உதவும் கிட்லாப்பை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒரு பதிப்பு வருகிறது. பாதுகாப்புத் திருத்தம் கிடைப்பது தற்போதைய பதிப்புக்கும் அதற்கு முந்தைய இரண்டுக்கும் மட்டும். டெபியன் 12-க்கான கடும் உறைவு, அதாவது புதிய பதிப்புகளை நிறுத்திவிட்டுப் பிழைகளை மட்டும் திருத்தும் கட்டம், 2023 மார்ச்சில் தொடங்கியது. அன்றைய கிட்லாப்பை உள்ளே வைத்திருந்தால், ஜூனில் டெபியன் வெளியாவதற்கு முன்பே அதற்கான ஆதரவு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள், நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து, அந்தப் பெரிய நிரலை யார் பார்த்துக்கொள்வது?

அதன் அடியில் கிடக்கும் நூலகங்கள், அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள், இன்னொரு பாரம். கிட்லாப் நூற்றுக்கணக்கான ரூபி, ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நம்பி ஓடுகிறது. செயலியை எழுதுகிறவர்கள் ஒவ்வொன்றிலும் இன்ன பதிப்புதான் வேண்டும் என்று பூட்டிவைத்து, எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறார்கள். டெபியனில் அது நடக்காது. பேக்கேஜை, அதாவது நிறுவத் தயாரான பொதியை, கட்டும்போது இணையத் தொடர்பே கூடாது. தேவையான எல்லாமே டெபியனின் களஞ்சியத்துக்குள் மூலநிரலோடு இருக்க வேண்டும். சுருக்கி ஒட்டிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மூலநிரல் என்று ஏற்க மாட்டார்கள். ஒரு நூலகத்துக்குப் பொதுவாக ஒரே பிரதிதான். ரூபியில் இணையச் செயலிகளை எழுத உதவும் ரெயில்ஸ் என்றால் டெபியன் 12-ல் 6.1. கிட்லாப்புக்காக அதை உயர்த்தினால், அதே ரெயில்ஸை நம்பியிருக்கும் ரெட்மைன் என்ற திட்ட மேலாண்மைச் செயலி உடையலாம்.

கெடுபிடி அதிகம் என்று தோன்றலாம். ஆனால் 2016 மார்ச்சில் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நூலகத்தை அதை எழுதியவர் நீக்கியபோது, உலகமெங்கும் செயலிகளைக் கட்டும் வேலை தடைப்பட்டது. தேவையான எல்லாம் உள்ளேயே இருந்தால் அந்த அடி விழாது. ஒரே பிரதி என்பதால், ஓட்டை வந்தால் ஓரிடத்தில் அடைத்தாலே போதும்.

எனக்கு இதையெல்லாம்விடக் கடினமாகத் தெரிவது டேட்டாபேஸ். கோப்புகளைச் சொந்த சர்வரில் சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரிய பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க முடியாது. படிப்படியாகத்தான் ஏற வேண்டும். டெபியன் 11 வந்த 2021 ஆகஸ்டில் நெக்ஸ்ட்கிளவுட் 22-ல் இருந்தது. டெபியன் 12 வந்தபோது 26. ஸ்டேபிள், அதாவது டெபியனின் நிலையான வெளியீடு, அதன் பயனர் ஏறுவது ஒரே படி. நடுவில் 23, 24, 25 மூன்றும் விடுபட்டுப்போகும். அட்டவணைகளை மாற்றும் நிரல் அந்தந்தப் பதிப்போடு வருவதால், பேக்கேஜ் செய்பவர் இடையிலுள்ள மூன்றையும் சேர்த்தே கொடுத்தாக வேண்டும். பயனரின் கோப்புகள் உள்ள இடத்தில் சோதனை முயற்சி செய்ய யாருக்கும் மனம் வராது.

எல்லா இணையச் செயலியும் இப்படி இல்லை. வேர்ட்பிரஸ் ஸ்டேபிளில் நிலைத்திருக்கிறது. அதன் குழு பழைய கிளைகளுக்கும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தருகிறது, டெபியன் அதை எடுத்துக்கொள்கிறது. ஆக, வேகமாக மாறுவது மட்டும் தடை அல்ல. பழையதை மூலக் குழு எவ்வளவு காலம் திரும்பிப் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம். குரோமியம் போன்ற உலாவிகளுக்கு விதிவிலக்கு உண்டு: திருத்தங்களைப் பழையதில் பொருத்துவது நடைமுறையில் முடியாததால், ஸ்டேபிளுக்குள்ளேயே புதிய பதிப்பை விடுகிறார்கள்.

சரி, கிட்லாப்புக்கு என்ன வழி? பேக்போர்ட்ஸ் என்ற கூடுதல் களஞ்சியம் உண்டு. ஆனால் அடுத்த ஸ்டேபிளுக்குப் போகும் தகுதியுள்ள பேக்கேஜ்களுக்குத்தான் அங்கே இடம். அதனால் ஃபாஸ்ட் ட்ராக் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். அடித்தளம் முழுக்க ஸ்டேபிள். செயலியும் அதற்குத் தேவையான புதிய நூலகங்களும் மட்டும் ஃபாஸ்ட் ட்ராக்கிலிருந்து வரும். இதுவே நேர்மையான ஏற்பாடு என்பது என் கருத்து. யாராலும் காக்க முடியாத பழைய பதிப்பை ‘ஸ்டேபிள்’ என்ற முத்திரையோடு கொடுப்பதைவிட, எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பயனருக்குத் தெரியும்படி பிரித்துவைப்பது மேல்.

செயலியை அதன் நூலகங்களோடு கண்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் அடைக்கும் டாக்கரில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவுவது எளிது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கண்டெய்னருக்குள்ளும் மறையாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகங்களின் தனிப் பிரதி கிடக்கும். அதில் ஓட்டை வந்தால், சர்வரில் உள்ளதை டெபியன் சரிசெய்தாலும் கண்டெய்னருக்குள் இருப்பது பழையபடியே இருக்கும். இமேஜை, அதாவது கண்டெய்னரின் மூல வார்ப்பை, தயாரித்தவர் மறுபடி கட்டி வெளியிட வேண்டும், அப்புறம் நீங்கள் அதை இறக்கிப் பழையதை மாற்ற வேண்டும்.