விளம்பரமே வராத கேம்

"அதுல விளம்பரமே வராதுங்க, அதான் பையன் கையில கொடுத்துட்டேன்." ஒரு பிஸ்கட் கம்பெனி வெளியிட்ட கேமைப் பற்றி ஓர் அப்பா போன வாரம் சொன்னது இது. அபார்ட்மென்ட் வாசலில், பள்ளிக்கூட மீட்டிங்கில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கம்பெனிகளுக்காக இந்த மாதிரி கேம், குவிஸ், சுற்றினால் பரிசு விழும் சுழல் சக்கரம், கேமரா ஃபில்டர் எல்லாம் செய்து கொடுக்கும் ஸ்டுடியோவில்தான் எனக்கு வேலை. அதனால் பச்சையாகவே சொல்லிவிடுகிறேன்: உள்ளே விளம்பரம் வராததற்குக் காரணம், அந்த கேமே விளம்பரம் என்பதுதான்.

காசு போட்டு கேம் செய்யச் சொன்ன கம்பெனி, அதற்குள் இன்னொருவரின் விளம்பரத்தை விடுமா என்ன? ஓடுகிற பொம்மை பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கும் அதே பொம்மை. பொறுக்கும் காசு பிஸ்கட் வடிவம். க்ரீம் பிஸ்கட்டைத் தொட்டால் பொம்மைக்குப் பலம் கூடும். பின்னணி நீலம் கூட பாக்கெட்டின் நீலம்தான். ஒரு பொட்டு மாறினால் கிளையன்ட் திருப்பி அனுப்பிவிடுவார். டிவியில் விளம்பரம் வந்தால் குழந்தை எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும். இங்கே விரலும் கண்ணும் பத்து நிமிடம் அந்தப் பாக்கெட்டோடேயே இருக்கின்றன. பையன் எடுத்த ஸ்கோர் கிளையன்டுக்குத் தேவையில்லை. மீட்டிங்கில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சராசரியா எத்தனை நிமிஷம் உள்ளே இருக்காங்க?" என்பதுதான்.

இது நேற்று முளைத்த தந்திரமும் இல்லை. கூல்-எய்ட் பானத்துக்காக 1983இலேயே அடாரி 2600 என்ற வீடியோ கேம் கருவியில் கேம் வந்தது. 2006இல் பர்கர் கிங் மூன்று எக்ஸ்பாக்ஸ் கேம்களை விட்டது. சாப்பாட்டோடு சேர்த்து வாங்கினால் ஒன்று 3.99 டாலர். விளம்பரத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள்! எங்கள் ஆட்கள் இன்றும் அதைப் பெருமூச்சோடுதான் பேசுவார்கள். அதே 2006இல் அமெரிக்காவின் கைசர் ஃபேமிலி ஃபவுண்டேஷன் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு, குழந்தைகளைக் குறிவைத்த உணவு பிராண்டுகளின் 77 இணையதளங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 73 சதவீதத் தளங்களில் கேம் இருந்தது. நண்பனுக்கும் அனுப்பு என்று குழந்தையைத் தூண்டிய தளங்கள் 64 சதவீதம்.

டோரிடோஸ் சிப்ஸுக்காக 2008இல் வந்த 'ஹோட்டல் 626' என்ற திகில் கேமைப் பார்த்து நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரைதான் திறந்திருக்கும். வெப்கேம், மைக், போன் நம்பர் எல்லாம் கேட்கும். நடுவில் உங்கள் போனே அடிக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அசாத்தியமான வேலை. பதின்வயதுப் பிள்ளைகளை ஏமாற்றும் விளம்பரம் என்று 2011இல் நுகர்வோர் அமைப்புகள் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் புகார் கொடுத்ததும் இதே கேம் மேல்தான். இரண்டுமே நியாயம் என்பது என் கட்சி.

சரி, நீங்கள் பயப்பட வேண்டியது எதற்கு? ஃபில்டர் முகத்தைத் திருடிவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எங்கள் வேலையில் பெரும்பாலான ஃபில்டர்கள் முகத்தை போனுக்குள்ளேயே கணக்கிட்டு முடித்துவிடும், எங்கள் கைக்கு எதுவும் வராது. எங்களுக்கு வருவது, பரிசு ஆசையில் நீங்களே தட்டிக் கொடுக்கும் பெயர், மொபைல் நம்பர், ஊர், பிறந்த தேதி. சக்கரம் சுற்றுவதே அந்தப் படிவத்துக்காகத்தான். அது எங்கே நிற்கும் என்பதைப் பெரும்பாலும் நீங்கள் தொட்ட நொடியிலேயே சர்வர் முடிவு செய்துவிடும். மிச்சம் சுற்றுவதெல்லாம் அனிமேஷன். எத்தனை பேருக்குப் பெரிய பரிசு என்பது பட்ஜெட்டிலேயே எழுதியிருக்கும். விரலை மெதுவாக இழுத்தால் பைக் விழும் என்று வீடியோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

2023இல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். பெற்றோர் சம்மதம் வாங்க வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் "வருஷத்தை 1995ன்னு போடுடா, உள்ளே விடும்" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பவர் யார்? பல வீடுகளில் அம்மா அப்பாவேதான். அப்புறம் நடுராத்திரியில் லோன் வேண்டுமா என்று மெசேஜ் வருகிறது என்று எங்களைத் திட்டுவீர்கள்.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். புது கேமைப் பிள்ளை கையில் கொடுக்கும் முன் நீங்கள் ஐந்து நிமிடம் ஆடிப் பாருங்கள். "இதை யார் செஞ்சாங்க, நாம எதை வாங்கணும்னு செஞ்சாங்க?" என்று பிள்ளையிடமே கேளுங்கள், எட்டு வயசுக் குழந்தை டக்கென்று பிடித்துக்கொள்ளும். ஓடிக் குதிக்கும் கேமுக்கு கான்டாக்ட்ஸ் பர்மிஷன் எதற்கு? மறுத்துவிடுங்கள். படிவத்தில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கும் கட்டத்தை எடுத்துவிடுங்கள். அதில் டிக் இருக்கும்வரை விளம்பர மெசேஜே வேண்டாம் என்று நீங்கள் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பித் தடுத்தாலும், 'சம்மதம் இருக்கிறது' என்று சொல்லி அந்தக் கம்பெனியின் மெசேஜ் வரத்தான் செய்யும்.

பண்டிகை சமயத்தில் வாட்ஸ்அப்பில் வரும் சக்கரம் வேறு ஜாதி. முதல் சுற்றில் "அடடா, போச்சே", இரண்டாம் சுற்றில் கார், உடனே "இருபது பேருக்கு அனுப்பினால்தான் பரிசு". பிராண்டின் லோகோ இருக்கும். மேலே இருக்கும் முகவரியில் அந்த பிராண்டின் பெயருக்குப் பின்னால் சம்பந்தமில்லாத எழுத்துகள் நீளும். அது எங்கள் ஸ்டுடியோக்கள் செய்வது இல்லை, திருடர்கள் செய்வது. ஓடிபி கேட்டால் மூடுங்கள். பரிசுப் பணம் அனுப்ப யுபிஐ பின் வேண்டும் என்றாலும் மூடுங்கள். பணம் வாங்க பின் தேவையே கிடையாது. ஏற்கெனவே போட்டுவிட்டு பணம் போயிருந்தால் குடும்ப குரூப்பில் புலம்பிக்கொண்டிருக்காமல் முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் செய்யுங்கள், அடுத்து பேங்குக்கு.